மனோரமா படப் பட்டியலைப் பிழையில்லாமல் தொகுப்பது எப்படி

நடிகை 'ஆச்சி' மனோரமா நடித்தது ஆயிரத்துக்கு மேல் படம் என்று சொல்லிவிடலாம். பட்டியல் போடும்போதுதான் சிக்கல் தெரியும்.

முதலில் ஒரு அட்டவணை. படம், வெளியான தேதி, மொழி, பாத்திரம், எதைப் பார்த்து எழுதினோம் என்று ஐந்து பத்தி போதும். கடைசிப் பத்தியைக் காலியாக விட்டால் பின்னால் எதையும் சரிபார்க்க முடியாது.

1958-ல் வந்த 'மாலையிட்ட மங்கை'யில் தொடங்குங்கள். கதாநாயகியாக நடித்த 'கொஞ்சும் குமரி' 1963.

அதிகம் தவறுவது பெயரில். இந்தியில் இன்னொரு மனோரமா உண்டு. 'சீதா அவுர் கீதா'வில் வருபவர் அவர். அதற்காக இந்திப் படங்களை மொத்தமாக அடித்துவிடாதீர்கள்: 1974-ன் 'குன்வாரா பாப்'பில் மெஹ்மூத்துடன் நடித்தவர் நம் ஆச்சிதான். முகம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது டப்பிங். தெலுங்கிலிருந்து குரல் மாற்றி வந்த படம் புதுப் பெயரில் இருக்கும், இரண்டாக எண்ணிவிடுவோம். அதைத் தனி வரியாக்காமல் மூலப் படத்தின் வரியிலேயே குறியுங்கள். ஒரே தலைப்பில் இரு படங்கள் இருந்தால் ஆண்டையும் இயக்குநரையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆதாரத்துக்குப் படத்தின் டைட்டில் கார்டே முதன்மை. பிரதி கிடைக்காத பழைய படங்களுக்கு, பாடல்களோடு நடிகர் பெயர்களும் அச்சிட்டு அப்போது விற்ற பாட்டுப் புத்தகம் கைகொடுக்கும்; சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடலாம். நாளிதழ் விளம்பரம் வெளியீட்டுத் தேதிக்கு நல்லது, நடிகர் பட்டியலுக்குப் போதாது: சிறு வேடக்காரர்களின் பெயரை அதில் பெரும்பாலும் போடமாட்டார்கள். ஆச்சியின் தொடக்க காலப் படங்கள் விடுபடுவது இதனால்தான்.