மணிலா குடிசைப் பகுதிகளில் ஊழியம்: நல்ல மனதோடு செய்யப்படும் தவறுகள்

பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவிலும் அதைச் சுற்றியும் ஏழைக் குடும்பங்களுக்காக நடக்கும் கிறிஸ்தவ ஊழியங்கள் ஏராளம். துறைமுகத்தை ஒட்டிய தோண்டோ, குப்பை மலை இருந்த பயாதாஸ் போன்ற இடங்களில் உணவு, படிப்பு, மருந்து என்று ஏதாவது ஒரு உதவியை ஏதாவது ஒரு சபை செய்துகொண்டிருக்கும். பயாதாஸில் 2000 ஜூலையில் அந்த மலை சரிந்து வீடுகளை மூடியது. 2017இல் கிடங்கை மூடிவிட்டார்கள், குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களின் வறுமை மட்டும் அதோடு முடியவில்லை. இத்தகைய இடங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் ஊழியர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே ஏற்கெனவே இருக்கும் சுகாதார நிலையம், பெட்டிக்கடை, தாய்மார்களின் சமையல், உள்ளூர்ச் சபை ஆகியவற்றைப் பார்க்காமல் அவற்றின் தலைக்கு மேலே உதவியைக் கொட்டுகிறார்கள். பெரும்பாலான தவறுகளுக்கு வேர் அதுதான்.

வாசலைத் தாண்டி உள்ளே போவது

பிலிப்பைன்ஸில் அரசின் மிகச் சிறிய அலகு பராங்காய். நம் ஊராட்சி வார்டு போல என்று வைத்துக்கொள்ளலாம். அதன் தலைவரையும் அங்குள்ள சுகாதார ஊழியர்களையும் பார்க்காமல் நேராக ஒரு சந்தில் பானையை இறக்குவது முதல் தவறு. மரியாதைக் குறைவு என்பதோடு இது முடியாது. 2018இல் வந்த 11037ஆம் எண் சட்டப்படி, பாலர் மையக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு வரை எடை குறைந்த மாணவர்களுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள் சத்துணவு தரவேண்டும். அந்தக் குழந்தைகளுக்கே நீங்களும் கொடுத்தால், அந்தப் பட்டியலில் இல்லாத இரண்டு வயதுக்குட்பட்டவர்களும் கர்ப்பிணிகளும் பள்ளியை விட்டுவிட்ட பிள்ளைகளும் மறுபடியும் விடுபடுவார்கள். யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பது சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் இருக்கும். முதல் வாரத்தைச் சமையலுக்கு ஒதுக்காமல் அதைக் கேட்டறிய ஒதுக்குங்கள்.

குடற்புழு மாத்திரையிலும் இதே சிக்கல்தான். ஜனவரியிலும் ஜூலையிலும் அரசே குழந்தைகளுக்கு அதைக் கொடுக்கிறது. பிப்ரவரியில் வரும் மருத்துவ முகாம் கேட்காமலே மறுபடி கொடுக்கக் கூடாது.

சுற்றுலா விசாவில் வந்து மாதக்கணக்கில் ஊழியம் நடத்துவதும் தவறு. 9(ஜி) வகை விசாவில் மிஷனரிகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. இலாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்வது ஒரு படி, சமூக நலத் துறையிடம் பதிவும் உரிமமும் பெறுவது அடுத்த படி. முதல் படியோடு நின்றுவிடுகிறவர்கள் பலர்.

கஞ்சிப் பானை

லுகாவ் என்ற அரிசிக் கஞ்சிதான் உணவு ஊழியங்களின் முதுகெலும்பு. மலிவானது, குழந்தைகளுக்குப் பிடித்தது. ஆனால் அரிசியும் தண்ணீரும் மட்டும் இருந்தால் வயிறு நிறையும், சத்து சேராது. தலைக்கு 60 கிராம் என்று 100 குழந்தைகளுக்கு 6 கிலோ அரிசி, சுமார் 50 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குழந்தைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 215 கலோரியும் 4 கிராம் புரதமும்தான். தலைக்கு ஒரு முட்டை சேர்த்தால் புரதம் 10 கிராம் ஆகிறது. முட்டை விலை ஏறினால் 25 கிராம் பாசிப்பயறு ஏறக்குறைய அதே அளவு தரும். 100 பேருக்கு அரை லிட்டர் சமையல் எண்ணெய் ஊற்றினால் ஒவ்வொரு கிண்ணத்திலும் சுமார் 40 கலோரி கூடுகிறது. இவ்வளவு சின்னச் செலவில் இதைவிடப் பெரிய பலன் வேறில்லை. நம் முருங்கைக்கீரை அங்கே மலுங்காய் என்ற பெயரில் வேலியோரமெல்லாம் கிடைக்கும். அடுப்பை அணைப்பதற்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பு போட்டால் போதும், ஆரம்பத்திலேயே போட்டு வேகவிட்டால் சத்து வீணாகும்.

மொத்தத்தையும் ஒரே பெரிய பானையில் காய்ச்சாதீர்கள். அடி பிடித்தால் நூறு பேர் சாப்பாடும் போகும். இரண்டு பானையாகப் பிரித்தால் கிளறவும் எளிது, தூக்கவும் எளிது. காலை ஆறு மணிக்குக் காய்ச்சி இறக்கிவிட்டு, பாட்டும் ஜெபமும் முடிந்து பதினொரு மணிக்குப் பரிமாறுவது மிக ஆபத்து. அரிசியில் இருக்கும் சில கிருமி வித்துகள் கொதித்தாலும் சாவதில்லை, வெதுவெதுப்பில் மறுபடி பெருகும். அவை விடும் நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறுங்கள், இல்லையென்றால் 60 டிகிரிக்குக் குறையாமல் சூட்டிலேயே வைத்திருங்கள்.

சனிக்கிழமை மட்டும் உணவு கொடுத்துவிட்டுக் குழந்தையின் எடை ஏறவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. வாரத்தில் ஒரு நேரச் சாப்பாடு உடம்பை மாற்றாது. 200 குழந்தைகளுக்கு வாரம் ஒருமுறை என்பதைவிட, மிகவும் மெலிந்த 40 குழந்தைகளுக்கு வாரத்தில் ஐந்து நாள் என்பது பலன் தரும். பார்க்கிற கூட்டம் சிறியதாகத் தெரியும். அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த 40 பேரைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளின் இடது மேல்கையைச் சுற்றி அளக்கும் நாடா போதும். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் மெலிவு. 11.5க்குக் கீழே போனாலோ, இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தாலோ அன்றைக்கே சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த நிலையில் உள்ள குழந்தைக்குப் பாசத்தோடு வயிறு நிறைய ஊட்டிவிடுவது உயிருக்கே ஆபத்தாகலாம். நெடுநாள் பட்டினியில் இருந்த உடம்பில் திடீர் உணவு இரத்தத்தின் தாது உப்புகளைக் குலைத்துவிடும்.

டப்பா பால் பவுடரும் அப்படித்தான். சுத்தமான தண்ணீர் இல்லாத குடிசையில் கரைக்கும் பால் வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். நான்கு வாரம் டப்பா கிடைத்து நின்றுபோகும்போது தாய்க்குப் பால் வற்றியிருக்கும். தாய்ப்பாலுக்கு மாற்றானவற்றின் விற்பனையையும் விநியோகத்தையும் 1986 முதலே அங்கே ஒரு சட்டம் கட்டுப்படுத்துகிறது. டப்பாவுக்கான பணத்தில் அந்தத் தாய்க்குச் சாப்பாடு போடுங்கள்.

பட்டியலும் வெட்கமும்

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட விநியோகத்தில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று ஒரு சாரார் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைப் பொறுப்பில் வைத்தார்கள். இன்றைக்கும் விநியோகம் கெடுவது பட்டியலில்தான். பாஸ்டரின் உறவினரோ தலைவரின் ஆட்களோ மட்டும் எழுதிய பட்டியலில், வாடகைக்கு வந்தவர்களும் சந்தின் கடைசி வீட்டுக்காரர்களும் இருக்கமாட்டார்கள். இருவராக வீடு வீடாகப் போய் எழுதுங்கள், அவர்களில் ஒருவர் அந்தத் தெருவுக்குச் சம்பந்தமில்லாதவராக இருக்கட்டும்.

பிலிப்பினோக்கள் முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்குவார்கள். உதவியவருக்குக் கடன்பட்ட உணர்வு ஆழமாக இருக்கும். "போதுமா, பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். "போன வாரம் கொடுத்ததில் எது மீந்தது, எதைக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள், உண்மை வெளிவரும்.

கொடுத்த அரிசியை விற்றுவிட்டார்கள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டிய கந்துவட்டி அங்கே தெருத்தெருவாக இருக்கிறது. அரிசியை விற்ற குடும்பத்துக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அரிசி அல்ல, பணம். வாரந்தோறும் லாரியில் அரிசி இறக்கினால், அதே சந்தில் கால் கிலோவாக விற்றுப் பிழைக்கும் சாரி-சாரி பெட்டிக்கடைப் பெண்ணின் வியாபாரம் படுத்துவிடும். அந்தக் கடையிலேயே மாற்றிக்கொள்ளும்படி சீட்டு கொடுத்தால் இரண்டு குடும்பம் பிழைக்கும்.

ஒரு மணி நேர ஆராதனையில் உட்கார்ந்தால்தான் பொட்டலம் என்று வைக்காதீர்கள். சுவிசேஷம் விலையில்லாமல் தரப்பட்டது. பசித்தவரின் அரிசியைப் பிணையாக வைத்து அதைக் கேட்க வைப்பது சுவிசேஷத்துக்கே அவமதிப்பு.

பிள்ளைகள், படங்கள்

அழுக்கு உடையோடு அழும் குழந்தையின் படத்தைக் காணிக்கை கேட்கும் கடிதத்தில் போடுவது பரவலான பழக்கம். அந்தப் படம் இணையத்தில் நிற்கும். குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போகும்போது தோழர்கள் பார்ப்பார்கள். தாயின் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் முகம் வேண்டாம். பெயர், தெரு, பள்ளி மூன்றையும் ஒருபோதும் சேர்த்துப் போடவேண்டாம்.

வெளிநாட்டு விருந்தினர் பாசத்தில் பிள்ளைகளைத் தனியாகக் கடற்கரைக்கோ விடுதிக்கோ கூட்டிப்போவதை உறுதியாகத் தடுங்கள். 2022இல் திருத்தப்பட்ட 1992இன் 7610ஆம் எண் சட்டம், உறவோ சட்டப்பூர்வக் கடமையோ இல்லாத பெரியவர் 16 வயது வரையுள்ள பிள்ளையை அப்படிப்பட்ட இடங்களில் தன்னோடு வைத்திருப்பதையே குற்றமாகப் பார்க்கிறது. எந்த வேலையிலும் ஒரு குழந்தையோடு இரண்டு பெரியவர்கள் இருப்பது குறைந்தபட்ச ஒழுங்கு.

வெள்ளமும் கணக்கும்

ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். அரிசி மூட்டையைத் தரையில் அடுக்கினால் முதல் வெள்ளத்திலேயே போய்விடும், பலகை மேல் உயர்த்தி வையுங்கள். வெள்ள முகாமில் முதல் மூன்று நாள் அடுப்பு இருக்காது. அப்போது அரிசிப் பையைக் கொடுப்பதில் பயனில்லை, சமைத்த சோறும் குடிதண்ணீரும்தான் தேவை. வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை வேண்டும். அதைச் சுகாதார நிலையம் வழியாகவே வாங்கிக் கொடுங்கள், கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அது வேறு முறை.

திரட்டிய காணிக்கையைக் கொண்டுபோகும்போது ஒருவரும் குற்றம் சொல்லாதபடி பவுல் தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்பியதை 2 கொரிந்தியர் 8இல் வாசிக்கிறோம். பணத்தை எண்ணவும் எடுக்கவும் எப்போதும் இருவர் இருக்கட்டும். சந்தையில் கீரைக்காரர் ரசீது தரமாட்டார். தேதி, பொருள், எடை, தொகை எழுதிய சீட்டில் அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பணம் மாற்றிய நாளின் பெசோ மதிப்பை அன்றைக்கே குறித்துவிடுங்கள். மூன்று மாதச் செலவு கையில் சேராமல் புதிய உணவுத் திட்டம் எதையும் அறிவிக்காதீர்கள். பாதியில் நின்றுபோகும் திட்டத்தை நம்பி வேலையை விட்ட தாய்க்கு அந்த வேலை மறுபடி கிடைக்காது.

செலவு குறைவாக இருந்தும் அதிகம் மறக்கப்படுவது பிறப்புச் சான்றிதழ். பிறந்து 30 நாளுக்குள் பதியவில்லையென்றால் தாமதப் பதிவாகிவிடும். உள்ளூர்ப் பதிவாளரிடம் ஆதாரங்களோடு மனு கொடுக்க வேண்டும், 10 நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் பள்ளியிலும் அரசு உதவித் திட்டங்களிலும் குழந்தை திணறும். இதற்குத் தேவை ஜீப்னி என்ற சிற்றுந்துக்கான கட்டணமும், அந்தத் தாயோடு கூடவே வரிசையில் நிற்க ஒரு ஆளும்தான்.