இரவில் ஊற்றி வைத்தால் காலையில் கடலைமாவுத் தோஃபு

மியான்மரில் (பர்மாவில்), ரங்கூனிலிருந்து மோல்மேன் போகும் சாலையில், தட்டோனில் நாங்கள் நடத்தும் சிறிய விடுதியில், முன்னறிவிப்பின்றி வந்திறங்கும் சைவ விருந்தினருக்குக் கைகொடுப்பது இந்நாட்டு ஷான் இன மக்களின் கடலைமாவுத் தோஃபுதான். தோஃபு என்றால் வழக்கமாகச் சோயாப்பாலைத் திரித்துச் செய்யும் பனீர் போன்ற கட்டி; இதற்கோ சோயாவும் வேண்டாம், பாலைத் திரிப்பது போன்ற வேலையும் இல்லை.

ஒரு தம்ளர் கடலைமாவுக்கு மூன்று தம்ளர் தண்ணீர் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, உப்பும் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளும் இட்டு, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு வடிகட்ட வேண்டும். பிறகு அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் வைத்து, மரக்கரண்டியால் அடிவரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் அடிபிடித்துவிடும். பச்சை வாசனை போய், கூழ் பளபளத்து, கொப்புளங்கள் மெதுவாக எழுந்து வெடிக்கும் பதத்தில், கடலையெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றிவிடலாம்.

சூட்டோடு மூடி போடாதீர்கள். அவசரத்தில் ஒருமுறை மூடிவிட்டேன். ஆவி நீராகச் சொட்டி, மேற்பரப்பு சொதசொதவென்று ஆகிவிட்டது. மெல்லிய துணி போர்த்தினால் போதும்.

காலையில் துண்டு போட்டு, புளிக்கரைசல், பொரித்த பூண்டு, பொடித்த வேர்க்கடலை, கொத்தமல்லி கலந்து பரிமாறலாம். பொரிப்பதானால், முதலில் துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்துவிடுங்கள். இல்லையேல் எண்ணெய் தெறிக்கும்.