நிகழ்வுப் பதிவில் நேரம்: டீஃபால்ட்டாக எதை வைப்பது?

பயனர் லாகின் செய்கிறார், பட்டனை அழுத்துகிறார்; ஒவ்வொன்றும் டேட்டாபேஸில் ஒரு வரி. நேரம் குறிப்பிடாமல் ஒரு நிகழ்வு வந்தால், நேரத்துக்கான கட்டத்தில் தானாக விழும் மதிப்பாக (அதுதான் டீஃபால்ட்) எதைப் போடுவது? 'இப்போதைய நேரம்தான், வேறென்ன' என்று தோன்றும். அது பாதிதான் சரி.

படி 1: நேரத்தை இரண்டாகப் பிரியுங்கள்

நிகழ்ந்த நேரம் வேறு, பதிவான நேரம் வேறு. நெட் இல்லாத போனில் 9:10க்குப் பட்டனை அழுத்துகிறார்; நெட் கிடைத்து சர்வருக்குத் தகவல் வரும்போது 11:40. நேரத்துக்கு ஒரே நெடுவரிசைதான், டீஃபால்ட் 'இப்போது' என்றால், அவர் 11:40க்கு அழுத்தியதாகவே ரிப்போர்ட் சொல்லும். அதனால் டீஃபால்ட் பதிவான நேரத்துக்கு மட்டும் போதும். நிகழ்ந்த நேரத்தை ஆப் அனுப்பட்டும். அனுப்பாவிட்டால் நல் (null, மதிப்பே இல்லாத காலிக் கட்டம்) என்றே விடுங்கள். பூஜ்ஜியம் வேண்டவே வேண்டாம். நேரத்தை விநாடிகளாக எண்ணும் யூனிக்ஸ் கணக்கில் பூஜ்ஜியம் என்பது 1970 ஜனவரி 1. தெரியாத நேரமெல்லாம் அந்த நாளில் போய்க் குவியும்.

படி 2: டீஃபால்ட்டை டேட்டாபேஸிடம் விடுங்கள்

போன் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், பதிவான நேரத்துக்கு அதை நம்ப முடியாது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் 'நவ்' ஃபங்ஷன் தருவது, பல கட்டளைகளை ஒரே தொகுப்பாக முடிக்கும் டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரம். ஒரே டிரான்சாக்‌ஷனில் ஆயிரம் வரிகள் போட்டால் ஆயிரத்துக்கும் ஒரே நேரம்தான். எனவே வரிசை முக்கியம் என்றால் நேரத்தை மட்டும் நம்பாமல், தானாக ஏறும் ஐடி ஒன்றையும் வையுங்கள்.

படி 3: அடைப்புக்குறியைக் கவனியுங்கள்

டீஃபால்ட்டை டேட்டாபேஸில் அல்லாமல் கோடில் வைப்பதானால், ஜாங்கோவில் (பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் கருவி) டீஃபால்ட்டாக 'டைம்ஸோன்.நவ்' என்று ஃபங்ஷன் பெயரை மட்டும் கொடுக்க வேண்டும். பின்னால் () சேர்த்தால், கோடு லோடு ஆகும்போதே அது ஒருமுறை ஓடி, கிடைத்த நேரம் அப்படியே உறைந்துவிடும். அப்புறம் வரும் எல்லா வரிகளுக்கும் சர்வர் தொடங்கிய நேரம்தான். நம் கணினியில் அடிக்கடி ரீஸ்டார்ட் செய்வதால் இது கண்ணில் படாது. நாள்கணக்கில் ஓடும் சர்வரில்தான் குட்டு வெளிப்படும்.

படி 4: யூடிசியில் சேமியுங்கள்

யூடிசி என்பது உலகப் பொது நேரம். உள்ளூர் நேரமாக மாற்றுவது திரையில் காட்டும்போது போதும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் 'டைம்ஸ்டாம்ப்' வகை 2038 ஜனவரி 19 வரைதான் தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: பழைய டேபிளில் சேர்க்கிறீர்களா?

'இப்போது' என்ற டீஃபால்ட்டோடு புதிய நெடுவரிசை சேர்த்தால், என்றோ பதிவான பழைய வரிகளுக்கும் இன்றைய நேரம் ஒட்டிக்கொள்ளும். முதலில் டீஃபால்ட் இல்லாமல் சேருங்கள். பிறகு தனிக் கட்டளையில் டீஃபால்ட்டை வையுங்கள். பழையவை நல் (null) என்றே இருக்கட்டும், அதுதான் உண்மை.

சரி, சோதித்துப் பார்க்கலாம். நேரம் கொடுக்காமல் ஒரு வரி சேருங்கள். ஒரு நிமிடம் கழித்து, சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமல் இன்னொன்று. இரண்டிலும் பதிவான நேரம் ஒன்றாகவே இருந்தால், படி 3க்குத் திரும்புங்கள்.