நாலரை மணிப் பசிக்கு: பச்சைப்பயறு அடையும் தெம்பே உருண்டையும்

பள்ளி விட்டு வந்த பிள்ளை டியூஷனுக்குக் கிளம்புவதற்குள் கிடைப்பது அரை மணி நேரம். மேகியும் கிரீம் பிஸ்கட்டும் டின் பால் ஊற்றிய மைலோவும் வீட்டுக்குள் நுழைவது அந்த அரை மணியில்தான். டின் பாலில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் செம்பனை எண்ணெயும். அதைக் குடித்த பிள்ளை எட்டு மணிக்குச் சோற்றைத் தள்ளி வைக்கும், புரதமும் இரும்புச்சத்தும் அன்றைக்கு அவ்வளவுதான். 2019 தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 21.8 விழுக்காட்டினருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. இதற்குக் காரணங்கள் பல. சமையலறையில் நம் கைக்கு எட்டுவது இந்த மாலைப் பலகாரம்தான்.

முதலில், அடையில் கலக்க நெத்திலிப் பொடி. கோலாலம்பூர் சௌக்கிட் சந்தையிலோ பினாங்கு ஆயர் ஈத்தாம் சந்தையிலோ 50 கிராம் நெத்திலி வாங்கினால் போதும். தலையும் குடலும் எடுத்துப் பிளந்தது ‘கோப்பேக்’ என்ற பெயரில் கிடைக்கும், விலைதான் கொஞ்சம் கூட. முழு நெத்திலி என்றால் தலையையும் வயிற்றையும் நீங்களே கிள்ளிவிடுங்கள், பொடி கசப்பதற்குக் காரணம் அந்த வயிறுதான். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு முறை அலசினால் உப்பு நன்றாகக் குறையும். துணியில் ஒற்றி எடுத்து, வெறும் சட்டியில் சிறு தீயில் வறுங்கள். ஒன்றை எடுத்து ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். நன்றாக ஆறிய பிறகே அரைக்க வேண்டும். சூட்டோடு அரைத்தால் ஆவி கோத்துக்கொண்டு, மிக்சி அடியில் களிம்பாக ஒட்டிவிடும். கண்ணாடிப் போத்தலில் போட்டு ஐஸ்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு இந்தப் பொடி வேண்டாம், எவ்வளவு அலசினாலும் உப்பு மிச்சமிருக்கும்.

இனி அடை. பச்சைப்பயறு 200 கிராம், அரிசி 50 கிராம், ஆறு மணி நேர ஊறல். நம் ஊர்ச் சூட்டில் இரவு முழுக்க வெளியே விட்டால் காலையில் நுரைத்து வாடை வரும், அதனால் ஐஸ்பெட்டிக்குள் ஊறட்டும். இஞ்சி ஒரு துண்டு, சின்ன வெங்காயம் ஐந்து, சீரகம் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். தண்ணீர் அரைக் கோப்பைக்கு மேல் போகக்கூடாது. மாவு தளர்ந்தால் அடை கல்லில் ஒட்டிக்கொண்டு திருப்பும்போது கிழியும். அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவு மூன்று மேசைக்கரண்டி போட்டால் சுண்ணாம்புச்சத்து கூடும், நிறம் கறுக்கும். பிள்ளை முகம் சுளித்தால் பாதி அரிசி, பாதி கேழ்வரகு.

முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, இலை மட்டும். காம்பு ஒன்றிரண்டு தப்பிப் போனாலும் தொண்டையில் குத்தும், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அடையைத் தொடாது. இரண்டு மேசைக்கரண்டி நெத்திலிப் பொடியைக் கலந்து, ருசி பார்த்துவிட்டு உப்பைப் பற்றி யோசியுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. உள்ளங்கை அளவுக்கு வார்த்து, மூடி போட்டு இரண்டு நிமிடம், திருப்பிப் போட்டு ஒன்றரை நிமிடம். தீ கூடினால் மேலே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒன்று போதும்.

பக்கத்தில் கொய்யாத் துண்டு வையுங்கள். பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி துணை. தேத்தண்ணீர் அதற்கு நேர் எதிரி, ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள்.

மீன் வாடையே ஆகாத வீட்டுக்குத் தெம்பே உருண்டை. தெம்பே என்பது சோயா பயற்றைப் புளிக்கவைத்து இலையில் பொதிந்து விற்கும் கட்டி. வாங்கும்போது இலையைப் பிரித்துப் பாருங்கள். வெள்ளைப் பூசணம் இறுகப் பிடித்திருந்தால் நல்லது. ஆங்காங்கே சாம்பல் நிறப் புள்ளி இருந்தாலும் பாதகமில்லை. இளஞ்சிவப்பு நிறமோ பிசுபிசுப்போ, மூக்கில் ஏறும் நெடியோ இருந்தால் வேண்டாம். 100 கிராம் தெம்பேயைப் பத்து நிமிடம் ஆவியில் வைத்தால் கசப்பு இறங்கும். ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 200 கிராம், இதையும் ஆவியில்தான் வேகவைக்க வேண்டும். தண்ணீரில் அவித்தால் நீர் கோத்து உருண்டை பிடிபடாது. இரண்டையும் மசித்து, மல்லித்தழை தூவி, தட்டையாகத் தட்டி, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் இருபுறமும் சிவக்க விடுங்கள். எண்ணெயே இல்லாமல் செய்ய ஆசைப்படாதீர்கள். கிழங்கில் உள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும்.

மீன், சோயா ஒவ்வாமை சில பிள்ளைகளுக்கு உண்டு. முதல் தடவை சிறு துண்டு கொடுத்துப் பார்த்து, அன்றைக்கு வேறு புதுப் பண்டம் எதுவும் தராதீர்கள். முழுக் கச்சான் (வேர்க்கடலை) ஐந்து வயது வரை கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும்.

டியூஷனுக்குக் கட்டிக் கொடுப்பதானால், சுட்டதும் கம்பித் தட்டில் பத்து நிமிடம் ஆறவிட்டுப் பிறகு டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி அடை நமுத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் பிள்ளை தின்றுவிட வேண்டும். மிச்சம் திரும்பி வந்தால் மறுநாளைக்கு எடுத்து வைக்காதீர்கள்.