மூன்று மணிக்கே இருட்டும் ஊரில்

டிசம்பரில் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் போக நான் முதலில் போட்டது நம்மூர்க் கணக்கு. பகலில் அருங்காட்சியகம், சாயங்காலம் பழைய நகரமான காம்லா ஸ்டானில் நடை. முதல் நாள் அருங்காட்சியகத்தில் இருக்கும் வாசா என்ற பழைய போர்க்கப்பலைப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு வெளியே வந்தால் கும்மிருட்டு! அந்த மாதத்தில் அங்கே சூரியன் எட்டே முக்கால் வாக்கில் எழுந்து, மூன்று மணிக்கு முன்பே போய்விடுகிறது. ஆக, கையில் ஆறு மணி நேர வெளிச்சம்தான்.

அன்றிரவே திட்டத்தைத் தலைகீழாக்கினேன். வெளியே பார்க்க வேண்டியதெல்லாம் காலையில். கூரைக்குக் கீழ் இருப்பதெல்லாம் மூன்றுக்குப் பிறகு. மறுநாள் ஒன்பதரைக்கே சோடர்மால்ம் மேட்டில் மொன்டேலியஸ்வேகன் நடைபாதையில் நின்றேன். கீழே ஏரி, எதிர்க்கரையில் நகர மன்றக் கோபுரம். சாய்ந்த வெயில் பட்டு அந்தச் செங்கல் வெல்லப்பாகு நிறத்தில் இருந்தது. கை விறைத்தும் நகர மனம் வரவில்லை.

இருட்டுக்குச் சுரங்க ரயில் நிலையங்களை ஒதுக்கினேன். டி-சென்ட்ரலென் நிலையத்தின் நீலத் தடத்தில், குடைந்த பாறைமேல் வெள்ளையடித்து நீலக் கொடிகள் வரைந்திருக்கிறார்கள். பயணச்சீட்டு 75 நிமிடம் செல்லும்; ஒரே சீட்டில் நாலைந்து நிலையங்களில் இறங்கி ஏறினேன். வாசா கப்பலையும் இப்படி இருட்டு நேரத்துக்கு வைத்திருக்கலாம். 1628-ல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-ல் மேலே எடுக்கப்பட்ட மரக்கப்பல். அதைக் காக்க உள்ளே எப்போதும் மங்கல் விளக்குதான். அதற்குப் போய் பட்டப்பகலைச் செலவழித்தேனே!

ரொக்கம் மாற்றிக்கொண்டு போனதும் வீண். நான் போன காபிக் கடையில்கூட அட்டைதான் கேட்டார்கள்.