இரும்பு வளையத் தலையுறை: வரைபவர்களும் செய்பவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்கால ஐரோப்பிய வீரனை யார் வரைந்தாலும், நாடகத்துக்கோ விளையாட்டுக்கோ யார் அந்த வேடம் கட்டினாலும், இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த முக்காடு ஒன்று தலையில் ஏறிவிடும். ‘காய்ஃப்’ என்பார்கள். தலை, கழுத்து, தோள் மூன்றையும் மூடும் இதில்தான் தவறுகளும் அதிகம். பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வருகின்றன: அந்த முக்காடு தனியாகவே தலையைக் காத்துவிடும் என்ற நினைப்பு. அடியில் ஒரு மெத்தைத் தொப்பி, மேலே ஒரு இரும்புத் தலைக்கவசம், நடுவில்தான் இது.

வெறுந்தலையில் அணிவதுபோல் காட்டுவது முதல் தவறு. வளையப் பின்னல் கத்தியின் வெட்டைத் தடுக்கும்; அடியின் வேகத்தைத் தடுக்காது. வளைந்து கொடுக்கும் பொருள் என்பதால் அடி அப்படியே மண்டையோட்டுக்குப் போய்ச் சேரும். அதை வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் தொப்பிதான். லினன் துணிக்குள் பஞ்சோ கம்பளியோ வைத்து நெருக்கமாகத் தைத்தது அது. பிரான்சில் 1240களில் தீட்டப்பட்ட மோர்கன் பைபிளின் போர்க்காட்சிகளைப் பாருங்கள். முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு நிற்கும் வீரர்களின் தலையில் வெள்ளைத் தொப்பி தெரியும். இன்று அணிந்து பார்ப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: தொப்பி இல்லாவிட்டால் வளையங்களில் முடி சிக்கிப் பிடுங்கும்.

அடுத்தது, நூற்றாண்டுகளைக் கலப்பது. 1066ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரைக் காட்டும் பேயூ திரைச்சீலை என்ற பூவேலைத் துணியில், வளைய முக்காட்டின் மேல் மூக்குத் தகடு வைத்த கூம்புக் கவசம் இருக்கிறது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் முக்காடும் வளையச் சட்டையும் பெரும்பாலும் ஒரே துண்டு. தொண்டையையும் வாயையும் மூட ஒரு மடிப்பை இழுத்து, நெற்றிப்பொட்டின் அருகே வாரால் கட்டுவார்கள். 13ஆம் நூற்றாண்டு போகப் போகத் தனி முக்காடு பரவியது. 14ஆம் நூற்றாண்டில் கதையே வேறு. பாசினெட் என்ற தலைக்கவசத்தின் விளிம்பிலிருந்தே வளையப் பின்னல் தொங்கித் தோள்வரை விழும். இதற்குப் பெயர் அவென்டெய்ல். பாசினெட்டும் அவென்டெய்லும் போட்ட வீரனுக்கு அடியில் இன்னொரு முழு முக்காடும் வரைவது பொதுவாகத் தேவையில்லாத சுமை.

இந்த அவென்டெய்லை எப்படி மாட்டினார்கள் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை; வளையங்களை நேராகத் தகட்டில் ஒட்டியதுபோல் வரைந்துவிடுகிறார்கள். கவசத்தின் விளிம்பில் துளையுள்ள சின்னச் சின்ன உலோக முளைகள் வரிசையாக இருக்கும். வளையப் பின்னலின் மேல் ஓரத்தில் தைத்த தோல்பட்டையில் அதே இடைவெளியில் துளைகள். பட்டையை முளைகளின் மேல் மாட்டி, முளைகளின் துளை வழியாக ஒரு கயிறு அல்லது கம்பியை ஓட்டினால் போதும், கழன்று வராது. கயிற்றை உருவினால் முழுப் பின்னலும் தனியாக வந்துவிடும். 1376இல் இறந்த இங்கிலாந்தின் கறுப்பு இளவரசர் எட்வர்டின் சிலை கேன்டர்பரி பேராலயத்தில் இருக்கிறது. அதில் கவசத்தோடு கழுத்தைச் சுற்றி விழும் பின்னலைத் தெளிவாகக் காணலாம்.

செய்பவர்களின் பெரிய தவறு வளையத்தில் இருக்கிறது. கம்பியைச் சுருட்டி வெட்டி, முனைகளைக் குறடால் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பார்வைக்குச் சரி, அடிக்குத் தாங்காது, வளையம் விரிந்துகொள்ளும். அந்தக் காலத்தில் முனைகளைத் தட்டித் தட்டையாக்கி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, துளையிட்டு ரிவெட் (சிறு தறையாணி) அடித்தார்கள். ஒவ்வொரு வளையமும் அக்கம்பக்கத்து நான்கு வளையங்களைக் கோத்துப் பிடிக்கும். 1982இல் யார்க் நகரில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டு காப்பர்கேட் தலைக்கவசத்தில்கூடக் கழுத்துக்குப் பின்னால் இப்படி ஒரு வளையத் திரை தொங்குகிறது. பெரிய வளையங்களும் வேண்டாம். குத்துமுனை நுழைய இடம் தரும், கழுத்தில் ஒட்டியும் விழாது. அலுமினியம் எடை குறைவுதான், ஆனால் இரும்புபோலக் கனமாக விழாது. மேடைக்குப் போதும், மோதிப் பார்க்க உதவாது.

அப்புறம் வடிவம். நீள்சதுரத் துண்டைக் குழாயாகச் சுருட்டினால் முக்காடு ஆகாது. உச்சியில் ஒரு சிறு வட்டத்தில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் வளையங்களைச் சேர்த்து விரிக்க வேண்டும். கழுத்தில் ஒடுங்கி, தோளில் மறுபடி விரிய வேண்டும். தோளில் விரிவு வைக்காவிட்டால் கையைத் தூக்கும்போதெல்லாம் தலை இழுபடும். தொண்டையை அகலமாகத் திறந்து விடுவதும் வேண்டாம், அதை மூடத்தானே இவ்வளவு வேலை!

கடைசியாக, இது எதையும் தடுக்கும் என்றோ எதையும் தடுக்காது என்றோ எழுதுவது. 1361இல் பால்டிக் கடலிலுள்ள கோட்லண்ட் தீவில் விஸ்பி நகருக்கு வெளியே டென்மார்க் மன்னர் நான்காம் வால்டிமாரின் படை உள்ளூர் விவசாயிகளைக் கொன்று குவித்தது. 20ஆம் நூற்றாண்டில் தோண்டிய புதைகுழிகளில், துருவேறிய முக்காட்டோடேயே மண்டையோடுகள் கிடைத்தன. அவற்றைக் காட்டி வளையக் கவசம் வீண் என்பவர்கள் உண்டு. அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. புதைகுழியில் கிடப்பவர்கள் தோற்றுச் செத்தவர்கள் மட்டுமே. முக்காட்டால் பிழைத்து வீடு திரும்பியவன் அந்தக் குழிக்குள் வரவே மாட்டான். இன்னொன்று, அந்தத் தீவு விவசாயிகளில் பலர் அணிந்திருந்தது அன்றைக்கே பழைய பாணி. ஆகவே 1361 என்றால் எல்லாருக்கும் பளபளக்கும் பாசினெட் வரைந்துவிட வேண்டாம். ஆள் யார், அவனுக்கு என்ன வாங்க வசதி என்பதையும் பாருங்கள்.