ராமநாதபுரம் கடலோரத்தில் இயற்கை ஆர்வலர் குழுவின் நடைகளையும் உரைகளையும் திட்டமிடும் முறை

ராமநாதபுரம் கடலோரத்தில் இயற்கை ஆர்வலர் குழு ஒன்றைத் தொடங்குவோர், மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறு என்று நாள் குறித்துவிட்டு அதற்கேற்ப இடம் தேடுவது சரியாக வராது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் பாக் விரிகுடாவாகிய வடகடல் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று தொடங்கியதும் இது தலைகீழாகும். ஆகவே காற்றையும் நீரையும் கேட்டறிந்து இடத்தை முதலில் முடிவு செய்து, தேதியை அதன் பிறகு குறிப்பதே முறை.

உள்நாட்டுக் கண்மாய்களுக்கும் இது பொருந்தும். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுள்ள சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் காப்பிடங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. மழை நன்றாகப் பெய்து நீர் நின்றால்தான் மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் போன்றவை கருவேல மரங்களில் கூடு கட்டும். புறப்படுவதற்குச் சில நாள் முன்பு அவ்வூரார் ஒருவரிடம் கண்மாயில் நீர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூடு இருக்கும் மரத்தின் அடிக்கு ஒருவரும் செல்லக் கூடாது. பெற்றோர் பறவை எழுந்து பறந்தால் குஞ்சுகள் வெயிலிலும் காகங்களிடமும் சிக்கிக்கொள்ளும்.

குளிர்காலத்தில் தனுஷ்கோடிப் பக்கத்து ஆழமற்ற நீர்ப்பரப்புகளுக்குப் பூநாரைகள் வருகின்றன. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு நின்று, தொலைநோக்கியில் பாருங்கள். பூநாரை தலையைக் கவிழ்த்து, நீரையும் சேற்றையும் அலகால் வடிகட்டி உண்பது. உண்ணும் கூட்டம் ஒருசேரத் தலை நிமிர்ந்து ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் எல்லை மீறிவிட்டீர்கள் என்று பொருள், அப்போதே பின்வாங்க வேண்டும். படத்துக்காகக் கூட்டத்தைப் பறக்கவிடுவோரைக் குழுவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. தனுஷ்கோடிக்கு அப்பால் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை செல்வதாக இருந்தால், மாலைக்குள் திரும்பிவிடும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை நடைக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களே ஏற்றவை. அப்போது நீர் அதிகமாக உள்வாங்கும். மண்டபத்தின் வடகடல் ஓரத்தில் கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும் இடங்களில், கடலில் இறங்காமலே ஒரு காலைப்பொழுது முழுவதும் கற்கலாம். கடற்புல்லுக்கு வேர், இலை, பூ எல்லாம் உண்டு, பாசிக்கு இவை கிடையாது என்பதைக் கையில் வைத்துக் காட்டி, ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடல் பசு இந்தப் புல்லை மேய்ந்தே வாழ்கிறது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால் மறுபடி அதே பக்கமாகவே வைக்க வேண்டும். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படுபவை என்பதால், கரையில் கிடக்கும் செத்த பவளத்தைக்கூட நினைவுப் பொருளாக எடுத்து வரக் கூடாது; இதைப் புறப்படும் முன்பே பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். நீரில் இறங்குவோர் தடித்த காலணி அணிந்து, பாதத்தை மணலோடு தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து வலியைத் தணித்து, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே கால் வைக்கக் கூடாது. படகில் செல்ல விரும்பினால், ஊர் மக்களோடு இணைந்து வனத்துறை நடத்தும் காரங்காட்டு அலையாத்திக் காட்டுப் பயணமே தொடக்கத்துக்குப் போதுமானது.

உரைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குழு வளர்வதும் தேய்வதும் அவற்றால்தான். நடைக்குப் பிறகு உரை வைப்பதைவிட, நடைக்கு முந்தைய வாரம் வைப்பது நல்லது. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து வருகிறவர்கள் அதிகம் காண்பார்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்திலிருந்து அறிவியலாளர் ஒருவரை அழைக்கலாம்தான், ஆனால் முதல் உரை கரையோர மக்களுடையதாக இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு மீனவர்கள் கரையில் இருப்பார்கள் என்பதால், அவர்களைப் பேச அழைக்க அதுவே தோதான காலம். அரங்கத்துக்கு வரச் சொல்லாமல், வலை செப்பனிடும் கொட்டகைக்கு நீங்கள் போங்கள். எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், முன்பு கண்டு இப்போது காணாத உயிர் எது என்று கேட்டுவிட்டுக் குறுக்கிடாமல் கேளுங்கள். பாம்பன், சின்னப்பாலம் பகுதிகளில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்குப் பவளப்பாறைப் பகுதியின் ஒவ்வொரு மூலையும் தெரியும். தேசியப் பூங்காவால் அவர்களுடைய பிழைப்புக்கு வந்த நெருக்கடியும் பேச்சில் வரும். அதை மறுத்து வாதிடாமல் கேட்டுக்கொள்வது குழுவின் கடமை. பேச வருவது அவர்களுக்கு ஒரு நாள் கூலி இழப்பு. பேராசிரியருக்குத் தரும் மதிப்பூதியத்தையே அவர்களுக்கும் தாருங்கள்.

ஒவ்வொரு நடையிலும் நாள், இடம், நேரம், காற்றின் திசை, நீர்மட்டம், கண்ட உயிர்கள், எண்ணிக்கை ஆகியவற்றை ஒருவர் எழுத வேண்டும். ஜனவரியில் பொங்கலை ஒட்டி நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில், அந்நாள்களில் எழுதிய பட்டியல்களைச் சேர்க்கலாம். பறவையே இல்லாமல் வறண்டு கிடந்த கண்மாயையும் தவறாமல் பதிவு செய்யுங்கள்; மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் எங்கே போயின என்று ஆராய்பவருக்கு அந்தக் குறிப்பும் தேவைப்படும்.